மேசை இல்லாதவன் எழுதுவது

விடியற்காலை எழுந்து, தினமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் எழுத்து வசப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. எங்கள் வீட்டில் மேசையே கிடையாது.

நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பஸ். கல்லிடைக்குறிச்சிக் கூட்டம் ஏறுவதற்குள் ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் அன்றைக்கு ஒரு பக்கம் தேறும். நின்றுகொண்டு போகும் நாளில் பக்கத்துப் பேச்சுக்குக் காது கொடுப்பதோடு சரி. கதைக்கு அதுதான் அதிகம் உதவுகிறது என்று இப்போது தோன்றுகிறது.

எழுதுவது போனில், தமிழ்99 விசைப்பலகையில். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு பிடிபட்டுவிட்டது. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ நான்கே தட்டு. நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் தட்டிய காலத்தில் ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றாகவே இருந்தன.

ஒற்றுதான் இன்னும் தண்ணி காட்டுகிறது. 'வந்த பையன்' மிகாது, 'வரப் போகிறான்' மிகும். இலக்கணப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடுகிறது, வாய்விட்டு வாசித்தால் பாதி தானாகத் தெரிகிறது. அதனால் ராத்திரி ஆச்சிக்கு வாசித்துக் காட்டுவேன். போன வாரம் 'தொட்டுக்கொள்ள' என்று எழுதியிருந்தேன். "ஏலே, வெஞ்சனம்னு சொன்னா ஒனக்குக் கொறஞ்சா போயிரும்?" என்றாள். மாற்றிவிட்டேன்.

இதுவரை ஏழு கதை முடித்திருக்கிறேன். மூன்றை அழித்துவிட்டேன், அதில் வருத்தமில்லை. இந்தக் கருத்தையும் சேரன்மகாதேவி தாண்டித்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்.