ஜெனரேட்டர் எடுக்கவும் நேரம் வேண்டும்

மேலே ஒரு தம்பி, "ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கு, கரண்ட் போனாலும் ஒரு செக்கன்கூட எதுவும் நிக்காது" என்று எழுதியிருக்கிறார். அது தவறு. டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, வேகம் பிடித்து, லோட் (மின்சுமை) ஏற்க நல்ல செட்டுக்கே 10 செக்கன் அளவில் ஆகும். அதுவரை வென்டிலேட்டரைத் தாங்குவது அதன் உள் பற்றரியும் யுபிஎஸ்ஸும்தான்.

நான் மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எலக்ட்ரீசியனாக இருந்தவன். ஒரு ஜனவரி விடியற்காலை, புல்லெல்லாம் உறைபனி. கரண்ட் போய், ஜெனரேட்டர் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டுந்தான். ஸ்டார்ட்டிங் பற்றரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. டோர்ச் வெளிச்சத்தில் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி இறுக்கிய பிறகுதான் எடுத்தது. அந்த நிமிடங்களை இன்றும் மறக்க முடியவில்லை.

அப்புறம் உயரம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல். காற்று மெலிவு என்பதால், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பாகம்) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய 3 வீத சக்தியை இழக்கும். கொழும்பில் 100 கிலோவாட் தருவது இங்கே 80 சொச்சம்தான் தரும். அதனால்தான் ஆபரேஷன் தியேட்டர், ஐசியு என்று முக்கியமானவற்றை மட்டும் அதில் கொடுப்பார்கள்.

டீசலும் வேண்டுமே. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். முழு லோடில் 100 கிலோவாட் செட் ஒன்றுக்கு அந்த ஒரு நாளைக்கே 300 லீற்றருக்கு மேல் தேவை.