17 முறை சொல்லியும் அந்த ஜூரர் ஏன் தேடினார்?

2022 அக்டோபர், ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா. நாடே கவனித்துக்கொண்டிருந்த ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு. குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி பல நாட்களாகக் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. ஜூரி அறையை ஒழுங்குபடுத்த வந்த நீதிமன்ற ஊழியர் ஒரு ஜூரரின் ஃபைலைத் தெரியாமல் தட்டிவிடுகிறார். உள்ளே இருந்தது ஓர் ஆய்வுக் கட்டுரை. பாலியல் புகார்களில் பொய்யானவை எத்தனை என்ற கேள்வியைப் பற்றியது. நீதிமன்றத்தில் சாட்சியமாக வராத தாள். தலைமை நீதிபதி லூசி மெக்கலம் ஜூரியைக் கலைத்துவிட்டார். வெளியே எதையும் தேடாதீர்கள் என்று குறைந்தது 17 முறை எச்சரித்திருந்ததாகவும் சொன்னார். டிசம்பரில் மறுவிசாரணையும் கைவிடப்பட்டது. அந்தக் குற்ற வழக்கில் புகார் சொன்னவருக்கும் தீர்ப்பில்லை, குற்றம்சாட்டப்பட்டவருக்கும் தீர்ப்பில்லை.

ஜூரர் கொண்டுவந்தது வாட்ஸ்அப் வதந்தியோ பத்திரிகைத் தலைப்போ அல்ல, கல்விப்புலத்து ஆய்வு. கையூட்டு வாங்கியவரோ பழிவாங்க நினைத்தவரோ இப்படிச் செய்யமாட்டார். சரியாக முடிவெடுக்க வேண்டுமே என்று தவித்தவர்தான் செய்வார். என் வாதம் இதுதான்: நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் விற்பனைக்காக எதையும் அச்சடிக்கும் பத்திரிகையை மனதில் வைத்து எழுதப்பட்டது. இன்று ஆபத்து அக்கறையுள்ள ஜூரரின் பாக்கெட்டில் இருக்கிறது. அவரைச் சிறையைக் காட்டி மட்டும் தடுக்க முடியாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தச் சட்டத்தின் தாய்வீடு இங்கிலாந்து என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒருவர் கைது செய்யப்பட்டாலோ, வாரண்டோ சம்மனோ பிறப்பிக்கப்பட்டாலோ அது ஓடத் தொடங்கும். விடுதலையாகும்வரை, அல்லது தண்டனை அறிவிக்கப்படும்வரை ஓடும். மேல்முறையீடு வந்தால் மறுபடி ஓடும். அந்தக் காலத்தில், விசாரணையைக் கடுமையாகப் பாதிக்கும் கணிசமான அபாயம் உள்ள எதை வெளியிட்டாலும் அவமதிப்பு. நல்லெண்ணத்தோடு எழுதினேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தைத் துடைக்காது. வழக்கு நடப்பதே தெரியாது, தெரிந்துகொள்ள நியாயமான அக்கறை எல்லாம் எடுத்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை உடனுக்குடன், நேர்மையாக, பிழையில்லாமல் எழுதினாலும் பாதுகாப்பு உண்டு, தடையுத்தரவு எதுவும் இல்லாவிட்டால்.

கத்தி மீது நடப்பது போன்ற விஷயங்கள் சில: பழைய தண்டனைகள், ஒப்புதல் வாக்குமூலம், "இவன்தான் செய்தான்" என்ற தொனி, அப்புறம் புகைப்படம். புகைப்படம் ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. அடையாளம் காட்டுவதுதான் வழக்கின் மையப் பிரச்சினை என்றால், பத்திரிகையில் முகத்தைப் பார்த்த சாட்சி பிறகு அடையாள அணிவகுப்பில் யாரை நினைவுகூர்கிறார்? தெருவில் பார்த்தவரையா, படத்தில் பார்த்தவரையா? அவருக்கே தெரியாது.

2009-இல் ஷெஃபீல்டில் நடந்த ஒரு கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் கையில் துப்பாக்கியோடு இருக்கும் படம் இரண்டு பெரிய நாளிதழ்களின் இணையதளங்களில் ஏறியது. ஒன்றில் 5 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. எந்த ஜூரரும் பார்த்ததாகத் தெரியவில்லை. விசாரணை நிற்கவும் இல்லை. ஆனாலும் 2011-இல் இரு நிறுவனங்களுக்கும் தலா 15,000 பவுண்ட் அபராதம். இணைய வெளியீட்டுக்காக இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்ட முதல் வழக்கு அது. பாதிப்பு நடந்ததா என்பது கேள்வியே அல்ல, வெளியிட்ட கணத்தில் அபாயம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

அதே 2011-இல் தீர்ப்பு வந்த இன்னொரு வழக்கு இதை இன்னும் தெளிவாக்கும். பிரிஸ்டலில் ஓர் இளம்பெண் கொலையில் வீட்டு உரிமையாளர் கைதானார். ஓய்வுபெற்ற ஆசிரியர், தலைமுடி கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். பத்திரிகைகள் அவரை அரக்கனாகவே வரைந்தன. உண்மைக் கொலையாளி வேறொருவர். இவர்மீது விசாரணையே நடக்கவில்லை. ஆனாலும் டெய்லி மிரருக்கு 50,000 பவுண்ட், சன் பத்திரிகைக்கு 18,000 பவுண்ட் அபராதம். நிரபராதி என்று தெரிந்துவிட்டதே, யாருக்கு என்ன பாதிப்பு என்ற வாதம் எடுபடவில்லை.

அனுபவமுள்ள செய்தி ஆசிரியர்களே வழுக்கும் இடம் ஒன்று உண்டு: பாதித் தீர்ப்பு. ஒரே ஆள்மீது இரண்டு குற்றச்சாட்டு. ஒன்றில் குற்றவாளி என்று ஜூரி சொல்லிவிட்டது, மற்றொன்றில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. செய்தி அறையில் மாதக்கணக்கில் தயாராக இருக்கும் "பின்னணிக் கதை" அந்த நிமிடமே வெளியே பாயும். 2011-இல் லீவை பெல்ஃபீல்ட் வழக்கில் அதுதான் நடந்தது. கொலையில் தீர்ப்பு வந்ததும் அவரது பழைய கதை முழுவதும் கொட்டப்பட, இன்னொரு சிறுமியைக் கடத்த முயன்ற குற்றச்சாட்டில் ஜூரி கலைக்கப்பட்டது. அந்தப் பெண் கடைசிவரை ஒரு தீர்ப்பைக் கேட்கவே இல்லை. இரண்டு நாளிதழ்களுக்குத் தலா 10,000 பவுண்ட். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு தொகையா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சரி, இதெல்லாம் பத்திரிகைக்காரர்களுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பகுதியினருக்கோ போய்ச் சேரும் எழுத்தும் பேச்சும் "வெளியீடு"தான். உங்கள் முகநூல் பதிவும் லைவும் அதில் அடங்கும். 2018 மே மாதம் இங்கிலாந்தின் தீவிர வலதுசாரிச் செயற்பாட்டாளர் டாமி ராபின்சன் லீட்ஸ் நீதிமன்ற வாசலில் நின்று முகநூலில் லைவ் போனார். ஒன்றோடொன்று தொடர்புடைய பல விசாரணைகள் முடியும்வரை செய்தி வெளியிடக் கூடாது என்ற ஒத்திவைப்பு உத்தரவு அமலில் இருந்தது. சில மணி நேரத்துக்குள் 13 மாதச் சிறை. அவசரமாக நடத்தியதால் நடைமுறையில் பிழை நேர்ந்துவிட்டது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முறைப்படி மறுபடி விசாரித்து 2019 ஜூலையில் 9 மாதம் விதித்தார்கள். நீதிமன்றமே அவசரப்பட்டால் அதன் தீர்ப்பும் நிற்காது என்பதை அவரது எதிர்ப்பாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வழக்கில் அப்படி உத்தரவு இருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? நீதிமன்ற அறைக் கதவில் ஒட்டியிருக்கலாம், அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். நிருபருக்கு அது தினசரிப் பழக்கம், நமக்கு இல்லை. முறைப்படி குற்றம் சாட்டப்பட்டுவிட்டதென்றால் பெயர், வயது, என்ன குற்றச்சாட்டு, அடுத்த விசாரணை எப்போது, இவற்றோடு நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் பாதுகாப்பானது. அதிலும் சிறாரின் பெயரும், பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரும் தொடக் கூடாத பொருள், அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன.

கமெண்ட் பகுதிதான் இன்னொரு கண்ணிவெடி. 2015-இல் வடகிழக்கு இங்கிலாந்தில் இரு சிறுமிகள் குற்றம்சாட்டப்பட்ட ஒரு கொலை விசாரணை, ஊடகங்களின் முகநூல் பக்கங்களில் கொட்டிய வசைகளால் தொடக்கத்திலேயே நின்றது. ஜூரி கலைக்கப்பட்டு, வழக்கு லீட்ஸுக்கு மாற்றப்பட்டது. செய்திகளில் குறையில்லை, அவற்றின் கீழே குவிந்தவைதான் பிரச்சினை. அப்போது முகநூல் பக்கங்களில் கமெண்ட்டை முழுதாக மூடும் வசதியே கிடையாது, 2021 மார்ச்சில்தான் வந்தது. இன்று வசதி இருந்தும் மூடாமல் விடுவதற்கு, கமெண்ட் எண்ணிக்கையின் ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லை தாண்டும் விஷயத்தில் சட்டம் கிட்டத்தட்ட கையாலாகாதது. 2018 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் ஜார்ஜ் பெல் சிறார் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி என்று மெல்போர்னில் ஜூரி சொன்னபோது, அடுத்த விசாரணை பாக்கி இருந்ததால் ஆஸ்திரேலியாவில் செய்தி வெளியிடத் தடை. வெளிநாட்டு ஊடகங்கள் உடனே எழுதின, ஆஸ்திரேலியர்கள் போனில் படித்தார்கள். பெயர் சொல்லாமல் "தணிக்கை" என்று அலறிய உள்ளூர் நிறுவனங்கள் 12-க்கு 2021-இல் மொத்தம் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம். (பெல்லின் தண்டனையை 2020 ஏப்ரலில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) 2018-இல் நியூசிலாந்தில் இன்னும் வேடிக்கை. ஒரு கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரின், வெளியிடத் தடை செய்யப்பட்ட பெயரைக் கூகுளே, "இன்று அதிகம் தேடப்படுவது" என்ற தானியங்கி மின்னஞ்சலில் அனுப்பிவைத்தது. எழுதிய கை எது என்று யாரைப் பிடிப்பது?

வாய்மூடி இருப்பதற்கும் விலை உண்டு. 2024 ஜூலை 29, இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். போலீஸ் அளந்து அளந்து பேசியது, இணையம் அளக்கவே இல்லை. படகில் வந்த அகதி என்ற கதையோடு ஒரு பொய்ப் பெயர் பரவி, ஊர் ஊராகக் கலவரம் மூண்டது. கைதானவருக்கு 17 வயது. சில நாளில் நீதிபதியே பெயரை வெளியிட அனுமதித்தார். அவர் 2025 ஜனவரியில் விசாரணை தொடங்கும் நாளன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். அத்தனை மௌனமும் எந்த ஜூரிக்காகக் காக்கப்பட்டதோ அந்த ஜூரி சாட்சியம் கேட்கும் தேவையே வரவில்லை. சட்டத்துக்குப் பயப்படுபவன் வாயை மூடுகிறான், பயப்படாதவன் கதை கட்டுகிறான். "அந்தப் பெயர் பொய்" என்று சொல்வதால் எந்த விசாரணையும் கெடாது. அதை உரக்கச் சொல்லப் போலீசுக்குத் தயக்கமே கூடாது.

இப்போது ஜூரர்களிடம் திரும்பி வருகிறேன். இங்கிலாந்தில் 12 பேர். 2015 முதல், வழக்கைப் பற்றி வேண்டுமென்றே தேடுவதும், தேடியதைச் சக ஜூரரிடம் சொல்வதும் தனிக் குற்றங்கள், 2 ஆண்டுவரை சிறை. அதற்கு முன்பு அவமதிப்பாகவே தண்டித்தார்கள். 2011-இல் போதைப்பொருள் வழக்கொன்றில், ஏற்கெனவே விடுதலையான பெண்ணோடு முகநூலில் அரட்டை அடித்த ஜூரருக்கு 8 மாதம். மற்ற ஜூரர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. 2012-இல் குற்றம்சாட்டப்பட்டவரின் பழைய கதையைத் தேடிச் சக ஜூரர்களிடம் சொன்ன ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு 6 மாதம். 2013-இல் இருவருக்குத் தலா 2 மாதம். ஒருவர் குற்றம்சாட்டப்பட்டவரை ஒருகை பார்க்கும் தொனியில் பதிவு போட்டவர், இன்னொருவர் மோசடி வழக்கில் எத்தனை பேர் ஏமாந்தார்கள் என்று கூகுளில் பார்த்தவர். இவர்கள் நால்வரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

லண்டன் பல்கலைக் கல்லூரிப் பேராசிரியர் செரில் தாமஸ் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பரபரப்பான வழக்குகளின் ஜூரர்களில் 12% பேர் இணையத்தில் தேடியதாக ஒப்புக்கொண்டார்கள். சாதாரண வழக்குகளில் 5%. ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இவ்வளவு என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எதைத் தேடுகிறார்கள்? புரியாத மருத்துவச் சொல். சம்பவ இடத்தின் வரைபடம். ஆளின் பெயர். மூன்றிலும் பொறி ஒன்றுதான்: யாரும் குறுக்கு விசாரணை செய்யாத சாட்சி. தெருப்படத்தில் பார்த்த விளக்குக் கம்பம் சம்பவத்துக்குப் பிறகு நட்டதாக இருக்கலாம். பெயரைத் தேடினால் வருவது அதே பெயருள்ள வேறொருவனின் குற்றமாக இருக்கலாம். பழைய தண்டனை உண்மையாகவே இருந்தாலும், 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதியே தேவைப்பட்டால் அதை ஜூரிமுன் வைக்க அனுமதிப்பார். அனுமதிக்கவில்லை என்றால் அது ஒரு காரணத்தோடு யோசித்து எடுத்த முடிவு. இந்தக் காரணங்களை முதல் நாளே இரண்டு உதாரணத்தோடு சொன்னால், "தேடாதே" என்று 17 முறை சொல்வதைவிட வேலை நடக்கும் என்பது என் நம்பிக்கை. போனை வாங்கி வைக்கும் அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் ஆளிடம் அதனால் என்ன பயன்?

கூடவே, பலருக்குத் தெரியாத ஒன்று: ஜூரர் கேள்வி கேட்கலாம். ஒரு தாளில் எழுதி நீதிமன்ற உதவியாளரிடம் கொடுத்தால் போதும். நீதிபதி இரு தரப்பு வழக்கறிஞர்களோடும் பேசிவிட்டு, சொல்லக்கூடிய பதிலைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்வார். சொல்ல முடியாதென்றால் முடியாது என்பார். பக்கத்து ஜூரர் கூகுள் பார்த்துவிட்டு வந்து பேசுகிறார் என்றாலும் இதே தாள்தான். அதையும் உடனே எழுத வேண்டும், தீர்ப்புக்குப் பிறகு சொன்னால் பெரும்பாலும் எடுபடாது. கான்பெரா ஜூரரும் அந்த ஆய்வுக் கட்டுரையின் கேள்வியைத் தாளில் எழுதிக் கேட்டிருக்கலாம். அப்படி எழுதும்போது சேர்க்கக் கூடாதது ஒன்று உண்டு: இதுவரை எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற எண்ணிக்கை.