கிராமசபையில் சொல்லிவிட்டு வேலி போடட்டும்
ஆடி மாதம் பணகுடிப் பக்கம் காற்று போட்டுத் தாக்கும். அந்நேரம் காற்றாலைகளில் மிச்சமாகிற மின்சாரத்தைப் பேட்டரியில் பிடித்துச் சாயங்காலம் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் இப்படி மின்சாரம் சேமிக்கிற பேட்டரி நிலையம் பற்றி நீங்கள் போட்ட கட்டுரை, அதனால் ஊருக்கு ஆபத்தே இல்லை என்று ஒரே வரியில் முடித்தது சரியில்லை. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் இப்படியொரு நிலையம் எரிந்து, ஆயிரம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். அங்கே பேட்டரிகளைக் கட்டடத்துக்குள் அடுக்கியிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் வெளியில் தனித்தனிப் பெட்டிகளில் வைக்கிறார்கள். சரி, இருந்தாலும் லித்தியம் தீ அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும். பக்கத்துப் பெட்டிகளைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். கோடையில் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில் அது எங்கிருந்து வரும்? புகை எந்தத் தெருப் பக்கம் போகும்? நிலையம் அமைக்கிறவர்கள் இதைக் கிராமசபையில் சொல்லட்டும். அப்புறம் அந்தப் பெட்டிகளின் குளிர்விப்பு விசிறிகள், ராத்திரியும் இரையும். வீடுகளுக்கு எட்டத்தில் வையுங்கள்.