ஒன் பீஸ், 1,100 பீஸ்

பெரியப்பா: நேற்றும் இதே கார்ட்டூன், இன்றைக்கும் இதே கார்ட்டூனா?

கார்த்தி: கார்ட்டூன்னு சொல்லாதீங்க பெரியப்பா. அனிமே, ஜப்பான் அனிமேஷன்!

பெரியப்பா: சரி, அந்த அனிமே பேரென்ன?

கார்த்தி: ஒன் பீஸ்.

பெரியப்பா: ஒரே பீஸ்தானே? தீபாவளியிலிருந்து பார்க்கிறே, இன்னும் முடியலையா?

கார்த்தி: 1999-ல ஆரம்பிச்சது. 1,100 எபிசோடைத் தாண்டியும் ஓடுது.

பெரியப்பா: ஜவுளிக்கடைக்காரன்கூட ஒன் பீஸ்னு சொல்லிட்டு இவ்வளவு நீளம் கிழிக்க மாட்டானே!

கார்த்தி: நீங்களும் பாருங்க. ஆர்லாங் பார்க்னு ஒரு கதைப்பகுதி வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஒரு 30 எபிசோடுதான். அப்புறம் செமயா இருக்கும்.

பெரியப்பா: முதல் 30 கரண்டி ஊசியிருக்கும், அப்புறம் நல்லாயிருக்கும்னு உங்க பெரியம்மா சாம்பார் ஊத்தினா சாப்பிடுவியா? தள்ளு, பார்க்கிறேன்.

(பெரியப்பா சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்தவர்.)

பெரியப்பா: என்னடா, வாய் மட்டும்தான் ஆடுது? மூஞ்சி, முடி, கை எல்லாம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குது.

கார்த்தி: அது ஸ்டைல்!

பெரியப்பா: ஸ்டைலா, சிக்கனமா?

கார்த்தி: ...ரெண்டும்தான். ஜப்பான் காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகா 1963 ஜனவரி 1-ல டிவியில ‘ஆஸ்ட்ரோ பாய்’ அனிமே ஆரம்பிச்சார். வாராவாரம் அரைமணி நேரம். சினிமான்னா நொடிக்கு 24 ஃப்ரேம். இவர் ஒரே படத்தை மூணு ஃப்ரேமுக்கு ஓட்டினார். நொடிக்கு எட்டுப் படம் போதும். வரைஞ்சதை எடுத்து வெச்சு வேற காட்சியிலும் போட்டார்.

பெரியப்பா: நம்ம ஆளுடா! நானும் பழைய உடம்புல புதுத் தலையை வரைஞ்சு ரிலீஸுக்கு அனுப்பியிருக்கேன். டிவிக்காரன் என்ன கொடுத்தான்?

கார்த்தி: செலவுக்கும் கீழேதான். சாக்லேட் கம்பெனி டப்பாவுல ஆஸ்ட்ரோ பாய் ஸ்டிக்கர் போட்டது, அமெரிக்காவுக்கு வித்தது, இப்படித்தான் சமாளிச்சார். அதெல்லாம் விடுங்க, ஆர்லாங் பார்க் வரட்டும்...

பெரியப்பா: வரும் வரும். வரையற பசங்களுக்கு என்ன சம்பளம்?

கார்த்தி: ரெண்டு முக்கியப் படத்துக்கு நடுவுல வர்ற அசைவுப் படங்களை வரையறவங்களுக்கு இன்னிக்கும் பல இடத்துல தாள் கணக்குதான். ஒரு தாளுக்கு சில நூறு யென்.

பெரியப்பா: எனக்கு சதுர அடிக் கணக்கு. ஹீரோ மூக்குக்கும் வில்லன் மூக்குக்கும் ஒரே ரேட். சரி, நீ எவ்வளவு கொடுத்தே?

கார்த்தி: எதுக்கு?

பெரியப்பா: இத்தனை பீஸ் பார்த்ததுக்கு.

கார்த்தி: குரூப்ல லிங்க் வரும் பெரியப்பா. ஃப்ரீ.

பெரியப்பா: ஓஹோ. நான் கார்ட்டூன்னு சொன்னாத்தான் அவங்களுக்கு மரியாதைக் குறைச்சல்!

(கார்த்தி இருமுகிறான். திரையில் வட்டம் சுற்றுகிறது.)

கார்த்தி: நெட் தீர்ந்துடுச்சு. உங்க ஹாட்ஸ்பாட்டைப் போடுங்களேன்.

பெரியப்பா: போடறேன். ஒரு 30 நாள் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கோ. அப்புறம் செமயா இருக்கும்.