ஹதீஸ் வேண்டுமா, வேண்டாமா?

முகம்மது நபியை விமர்சித்து கிறிஸ்தவராக நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நானும் கிறிஸ்தவன்தான், ஆனாலும் அதன் வாதம் எனக்கே இடிக்கிறது. முதல் பாதியில், ஹதீஸ்கள், அதாவது நபியின் சொல், செயல் பற்றிய செய்திகள், அவர் இறந்து 200 ஆண்டுகளுக்கு அப்புறம் தொகுக்கப்பட்டவை, நம்ப முடியாது என்கிறீர்கள். சரி, நபி இறந்தது 632இல், ஹதீஸ்களைத் தொகுத்த புகாரி இறந்தது 870இல், கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் இரண்டாம் பாதியில் அதே புகாரியின் தொகுப்பிலிருந்து நாலு செய்தியை உருவி நபியின் திருமணங்களைக் குறை சொல்கிறீர்களே, நம்பவே முடியாத நூல் குற்றம் சாட்ட மட்டும் எப்படிச் சாட்சியாகும்?

பலதார மணம்தான் குறை என்றால் வேதாகமத்தில் பல மனைவிகளோடு வாழ்ந்த யாக்கோபையும் தாவீதையும் எங்கே வைப்பது? சாலொமோனுக்கு 700 மனைவிகள். அவரை வேதாகமமே கண்டிக்கிறது என்பீர்கள். அந்தக் கண்டனம் அந்நியப் பெண்களை மணந்து அவர்களுடைய தெய்வங்களின் பின்னால் போனதற்கு, எண்ணிக்கைக்காக அல்ல.

அப்புறம், 8ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தமஸ்குவின் யோவான் இஸ்லாமைப் பற்றி எழுதிய கடுமையான விமர்சனத்தைக் காட்டிய நீங்கள், அதே நூற்றாண்டில் முஸ்லிம் பேரரசின் ஆட்சியாளரான கலீஃபா மஹ்தியின் முன்னால், முகம்மது தீர்க்கதரிசிகளின் வழியில் நடந்தார் என்று சொன்ன கிழக்குத் திருச்சபைத் தலைவர் முதலாம் திமொத்தேயுவை ஏன் விட்டுவிட்டீர்கள்? இத்தனைக்கும் அவர் திரித்துவத்திலோ சிலுவை மரணத்திலோ ஓர் அடிகூட இறங்கி வரவில்லை.