"போல்ட் டு போல்ட்ணே" என்று சொல்லித்தான் என் வண்டியை வெட்டினார்கள்

"போல்ட் டு போல்ட்ணே. ஒரு ஓட்டை போட வேண்டாம், ஒரு இடம் வெட்ட வேண்டாம். மாட்டப் பத்து நிமிஷம், கழட்டப் பத்து நிமிஷம்." இரண்டு மாதத்துக்கு முன்னால், திண்டுக்கல் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு கடையில் பிக்கப்புக்கு இரும்பு பம்பர் விற்கும்போது என்னிடம் சொன்ன வார்த்தை இது. இன்று காலை அதே கடை வாசலில் என் பிக்கப்பின் முன்பக்கத்தை கேஸ் கட்டர் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷமாம்! இரண்டரை மணி நேரம் நின்றேன்.

வயிறு எரிகிறது. முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எதற்காக இரும்பு பம்பர் போட்டாய் என்று யாரும் கேட்காதீர்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றும் நேரத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்னால் நிற்கும் லாரிக்காரர் கண்ணாடி பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பார், மூட்டை தூக்கிக்கொண்டு வருகிறவர் கத்துவார், அதற்குள் லாரியின் பின் கதவு நம் ஹெட்லைட்டில் இருக்கும். ஒரே வருஷத்தில் இரண்டு ஹெட்லைட் மாற்றினேன். பாலக்காடு ரோட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு மாடு குறுக்கே வந்தது தனிக்கதை. பிழைப்புக்கு ஓட்டுகிற வண்டியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் 14,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குப் போனேன். சாயங்காலம் முருங்கைக்காய் லோடு இருக்கிறது, நாலு மணிக்கு மார்க்கெட்டில் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். "ஒன்பதரைக்கு நீங்க டீ குடிச்சிட்டுக் கிளம்பிடலாம்ணே" என்றார் கடைக்காரர். ஒரு பையன் ஸ்பேனரை எடுத்து வந்து பழைய பம்பரைக் கழற்ற ஆரம்பித்தான். ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு ஐந்து நிமிஷம் ஊறவைத்தால் வந்துவிடும். அவன் ஸ்பேனர் மேல் பைப்பை மாட்டி மிதித்தான். தலை முறிந்து கையோடு வந்தது. அதற்கே ஒரு மணி நேரம்.

அப்புறம் புது பம்பரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் பிடித்தார்கள். பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் துளையும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் துளையும் சேரவில்லை. ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. ஒரு விரல்! கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும், இந்த பிராக்கெட் இந்த வண்டிக்கு ஆனது இல்லை. ஆனால் அங்கே யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஜாக்கியை வைத்து அமுக்கினார்கள். சம்மட்டியால் தட்டினார்கள். கயிறு கட்டி இழுத்தார்கள். ஒருவர் வந்து, "இந்த வண்டி சேசிஸே கோணலா இருக்குண்ணே" என்றார். என் வண்டியின் சேசிஸ் கோணலாம். ஆறு வருஷமாக ஒரு டயரும் ஒருபக்கமாகத் தேயாத வண்டி அது.

பதினொன்றரைக்குத்தான் பிராக்கெட் பழைய மாடலுக்கானது என்ற உண்மை வெளியே வந்தது. என் வண்டி 2020 மாடல், பிஎஸ் 6 என்கிற புது புகை விதிப்படி வந்தது. வண்டியை உள்ளே விடும்போதே மாடல் கேட்டார்கள், சொன்னேன், ஆர்சி புத்தகத்தையும் காட்டினேன். "குடோன்ல இருக்குண்ணே, இப்ப வந்துரும்" என்றார்கள். ஒன்றரை மணிக்கு வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்தால் இரண்டும் இடதுபக்க பிராக்கெட். வலது இல்லை. மறுபடி போன், மறுபடி டூ வீலர், மறுபடி காத்திருப்பு. மூன்று மணி ஆகிவிட்டது. "கழட்டினதை அப்படியே மாட்டிக் கொடுங்கள், நான் போகிறேன்" என்று சொன்னேன். முறிந்த போல்ட் உள்ளேயே நிற்கிறது, எப்படி மாட்டுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

வலது பிராக்கெட் கடைசி வரை வரவே இல்லை. நாலு மணிக்குக் கட்டிங் மெஷினை எடுத்தார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியபடி எழுந்து வருவதற்குள் பட்டையை அறுத்து, தீப்பொறி முழுக்க முன் கண்ணாடிமேல் தெறித்துவிட்டது. ஒரு கோணிச்சாக்கை நனைத்து மேலே போட்டிருந்தால் போதும். போடவில்லை. இப்போது என் கண்ணாடியில் மிளகாய் விதை அளவுக்குக்கூட இல்லாத பழுப்புப் புள்ளிகள் நூறாவது இருக்கும். விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். சூடான இரும்புத்தூள் கண்ணாடிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. எதைப் போட்டுத் துடைத்தாலும் வராது. ராத்திரி எதிரே ஒரு பஸ் ஹெட்லைட்டோடு வந்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக மின்னுகிறது. இரண்டு மாதமாக அந்தப் புள்ளிகளுக்கு நடுவில்தான் ரோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு விட்டார்களா? வெல்டிங் மெஷினை இழுத்து வந்தார்கள். வெல்டு வைக்கும் முன்னால் பேட்டரி டெர்மினலைக் கழற்ற வேண்டும் என்பது பட்டறையில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். இன்றைய வண்டியில் இன்ஜினை ஓட்டுவதே ஈசியு என்கிற கம்ப்யூட்டர் பெட்டிதான். வெல்டிங் கரண்ட் தப்பான வழியில் பாய்ந்தால் அதுவும் போகும், ஆல்டர்னேட்டரும் போகும். "டெர்மினலைக் கழட்டு தம்பி" என்றேன். "எர்த் இங்கயே பக்கத்துல பிடிச்சிருக்கேண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே பற்ற வைத்துவிட்டான். மூன்றாம் நாள் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு சென்சார் மாற்ற 3,800 ரூபாய். வெல்டிங்கால்தான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

ஆறரை மணிக்கு வெல்டு மேல் கறுப்பு ஸ்ப்ரே அடித்து, "பாருங்கண்ணே, கம்பெனி ஃபிட்டிங் மாதிரி" என்றார்கள். முருங்கைக்காய் லோடு வேறு வண்டியில் போய்விட்டது. அன்றைய வாடகையும் போச்சு, அந்த வியாபாரி அடுத்த பத்து நாள் என்னைக் கூப்பிடவே இல்லை. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே." ஒரு துண்டுச் சீட்டில் 14,000 என்று எழுதிக் கொடுத்தார்கள். கடை பெயர்கூட அதில் இல்லை.

இன்று காலை எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, காட்டப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியின் முன்னால் வந்து நின்றார், ஒரே பார்வை. "இதைக் கழட்டிட்டு, பழைய பம்பரோட வாங்க." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பொறுமையாகத்தான் விளக்கினார். இந்த மாதிரி இரும்பு பம்பர் சேசிஸோடு நேராக இணைவதால், நொறுங்கி அடியை வாங்க வேண்டிய பாகம் வாங்காது. அடி முழுக்க சேசிஸுக்கும் உள்ளே இருக்கிறவருக்கும் போகும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது சரியான நேரத்தில் விரியாமலும் போகலாம். நடந்து போகிறவர்மேல் பட்டால் அவருக்குப் பிழைக்கிற வாய்ப்பு குறைவு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதைத் தடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி இது அனுமதியில்லாத மாற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட விதிக்கலாம்.

சரி, சட்டம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். யாராவது அடிபட்டுச் செத்திருந்தால் ஆயுசுக்கும் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2017-இலிருந்து கூடாது என்று சொல்லும் பொருளை, மெயின் ரோட்டில், கடை வாசலில் வரிசையாக நிற்கவைத்து, பெயிண்ட் அடித்து, லைட் போட்டு விற்கிறார்களே, அது எப்படி யார் கண்ணிலும் படவில்லை? அதே ரோட்டில்தானே அதிகாரிகளின் எல்லா ஜீப்பும் போகிறது? விதியை மீறி வண்டியை மாற்றி அமைக்கிற வண்டி டீலர்களுக்கும் அதே திருத்தத்தில் தண்டனை இருக்கிறது. எந்தக் கடை மூடிப் பார்த்தோம்? வாங்கினவனுக்கு அபராதம், விற்றவனுக்குக் கல்லாப்பெட்டி. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேராகக் கடைக்குப் போனேன். "எஃப்சிக்கு மட்டும் கழட்டிட்டு மறுபடி மாட்டிக்கலாம்ணே, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் கடைக்காரர். தடை இருப்பது அவருக்கு முதலிலிருந்தே தெரியும்! விற்கும்போது அதில் ஒரு சொல்கூட வாயிலிருந்து வரவில்லை. சரி கழட்டு என்றேன். வலது பக்கம் முழுக்க வெல்டு, எங்கே கழட்டுவது? கேஸ் கட்டர் வந்தது. அறுத்ததற்கு 2,000 ரூபாய் கேட்டார்கள். அவர்கள் வைத்த வெல்டை அவர்களே அறுப்பதற்கு நான் பணம் கொடுக்க வேண்டுமாம்.

"என் பழைய பம்பர் எங்கே?" என்றேன். கடைக்காரர் பையனைப் பார்த்தார், பையன் தரையைப் பார்த்தான். காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரிஜினல் பம்பரைக் கிலோ கணக்கில் போட்டுக் காசு வாங்கிவிட்டார்கள். நம்பர் பிளேட்டையும் விடவில்லை. ஹை செக்யூரிட்டி பிளேட்டை வண்டியோடு பூட்டும் ஸ்னாப் லாக்கைக் கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அன்றைக்கே அதை உடைத்து சாதாரண ஸ்குரூவில் முடுக்கியிருக்கிறார்கள். அதையும் இன்று இன்ஸ்பெக்டர்தான் காட்டினார். இனி புது பம்பர் வாங்கி, பிளேட்டுக்குப் புது லாக் போட்டு, எஃப்சிக்கு மறுபடி நாள் வாங்க வேண்டும். அதுவரை வண்டியை வாடகைக்கு எடுக்க முடியாது. எஃப்சி இல்லாமல் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கையை விரித்துவிடலாம். மார்க்கெட்டிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது, எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வரும்போது, எங்கள் ஊர் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நேற்று வரை இல்லாத ஒரு வேகத்தடை. வெள்ளைப் பட்டை இல்லை, முன்னால் பலகை இல்லை, பழைய தாரோடு ஒரே நிறம். வேகத்தடைக்குப் பட்டை அடிக்க வேண்டும், எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் விதி இருக்கிறது. என் கண் முன்னாலேயே ஒரு டூ வீலர் அதில் ஏறித் தூக்கிப் போட்டது. பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எப்படியோ காலை ஊன்றிச் சமாளித்துவிட்டார். ராத்திரிக்குள் அங்கே யாராவது விழுந்துவிடுவார்கள். வீட்டில் மிச்சம் இருந்த சுண்ணாம்பை வாளியில் கரைத்து வைத்திருக்கிறேன். போய் நானே பட்டை அடித்துவிட்டு வருகிறேன்.