100 கோடி டாலர் கேட்ஸ் அறக்கட்டளையின் பணம் அல்ல

2024இல் பெண்களுக்காக அறிவிக்கப்பட்ட 100 கோடி டாலரை கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல.

பில் கேட்ஸுடன் சேர்ந்து அந்த அறக்கட்டளையை நிறுவிய மெலிண்டா பிரெஞ்ச் கேட்ஸ் அதிலிருந்து விலகுவதாக 2024 மே 13 அன்று அறிவித்தார். பெண்கள், குடும்பங்களுக்காக 2026 வரை 100 கோடி டாலர் தருவதாக அவர் சொன்னது அதற்கும் பிறகு, மே 28 அன்று. பணம் அவருடையது, கொடுப்பது அவருடைய பிவோட்டல் அமைப்பு வழியாக. அதில் 24 கோடி டாலரை 12 பேரிடம் ஆளுக்கு 2 கோடியாகக் கொடுத்து, தங்கள் விருப்பப்படி பகிர்ந்தளிக்கச் சொன்னார். நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அவர்களில் ஒருவர். எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டதே இந்தப் பகுதிதான்.

குழப்பம் வந்ததில் வியப்பில்லை. அறக்கட்டளையும் 2021 ஜூனில் பாலினச் சமத்துவத்துக்கு ஐந்தாண்டுகளில் 210 கோடி டாலர் என்று அறிவித்தது. அது தனிக் கணக்கு.

நீங்களே சரிபார்க்கலாம். கேட்ஸ் அறக்கட்டளையின் இணையதளத்தில் நிதி பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயர் போட்டுத் தேடலாம். அப்புறம், மே 28 அறிவிப்பை பிவோட்டல் தளத்தில் படித்துப் பாருங்கள், பணம் யாருடையது என்று தெரிந்துவிடும்.